நண்டும் ஏற்றுமதி, ழகரமும் ஏற்றுமதி

சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு ஆரையம்பதியில் என் மச்சாளின் வீட்டுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். முன்னறையில் மேசை விசிறியைக்கூட நிறுத்தி வைத்திருப்பார். அதன் இரைச்சல் மைக்கில் கேட்கிறதாம். வியர்வை வழிய மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, “நாக்கைப் பின்னால் மடி. அண்ணத்தில் முட்டாமல் சொல்லு பார்ப்பம், பழம்” என்பார். திரையில் ஐந்து சதுரங்கள், ஐந்து பிள்ளைகள். சூரிச்சில் அப்போது பின்னேரம் நான்கு மணி. நாலு பேர் “பழம்” என்கிறார்கள். ஒருவன் பாணைக் கடித்துக்கொண்டே “பளம்” என்கிறான்.

மாத முடிவில் அந்த ஐந்து வீட்டிலிருந்தும் மச்சாளின் வங்கிக் கணக்குக்குப் பணம் வருகிறது. அவர் அதை ‘ரியூஷன் காசு’ என்கிறார். பொருளியல் படித்தவர்கள் அதே காசைச் சேவை ஏற்றுமதி வருமானம் என்பார்கள். நான் இதைச் சொன்னபோது மச்சாள் சிரித்துவிட்டார். “நான் என்ன கொண்டெய்னரா ஏத்துறன்?”

கேள்வி நியாயமானதுதான். ஏற்றுமதி என்றதும் நமக்குக் கப்பல்தான் கண்ணுக்குள் வரும். இலங்கை நண்டைச் சிங்கப்பூர்க்காரர் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. நண்டு போனால் அதற்குப் பெட்டி உண்டு, எடை உண்டு, சுங்கத்தில் ஒரு தாள் உண்டு. ழகரத்துக்கு எடை இல்லை, அதைத் திறந்து பார்க்கச் சுங்க அதிகாரியும் இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றுதான்: இந்த நாட்டில் வசிக்கும் ஒருவர் இன்னொரு நாட்டில் வசிக்கும் ஒருவருக்கு எதையாவது விற்க வேண்டும். விற்றது கைக்குள் அடங்கும் பொருளாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இங்கே ஒரு குழப்பம் வரும். மச்சாளின் அண்ணன் ரொறன்ரோவில் இருக்கிறார். தீபாவளிக்கு அம்மாவின் கையில் கொடுக்கச் சொல்லி 200 டொலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஏற்றுமதி வருமானம் இல்லை, வெளிநாட்டில் இருப்பவர் உறவுக்கு அனுப்பும் பணம். அடுத்த மாதம் தன் மகளை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டு அதற்குக் கட்டணமாக 40 டொலர் அனுப்புகிறார். இது ஏற்றுமதி வருமானம். அனுப்பியவரும் அதே ஆள், வங்கிப் புத்தகமும் அதே புத்தகம். நாட்டின் கணக்கில் மட்டும் இரண்டும் வேறு வேறு வரியில் ஏறும். முதலாவதுக்கு நாம் எதையும் விற்கவில்லை, இரண்டாவதுக்கு விற்றோம். கணக்கை விடுங்கள், மனசுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். தீபாவளிக் காசு வராவிட்டால் மனத்தாங்கல். வகுப்புக் காசு வராவிட்டால், “என்ன அண்ணா, இந்த மாதம் மறந்திட்டீங்களா?” என்று வட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம்.

சேவைகள் எந்தெந்த வழியில் எல்லை தாண்டும் என்று உலக நாடுகள் உட்கார்ந்து வகைப்படுத்தியிருக்கின்றன. உலக வர்த்தக நிறுவனம் 1995இல் தொடங்கியபோது அதனுடன் சேர்ந்து நடைமுறைக்கு வந்த சேவை வர்த்தக உடன்படிக்கையில் நான்கு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. கல்விக்கும் அவைதான். பாடம் மட்டும் போகும், மாணவர் வருவார், பள்ளி போகும், ஆசிரியர் போவார். இப்படி மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பாடம் மட்டும் போவதுதான் மச்சாளின் வழி. இது சூம் வந்த பிறகு முளைத்த புதினம் என்று நினைப்பவர்களைக் கரைதீவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே 1892இல் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறியபோது வயது 16. பிறகு 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் எடுத்தார். நாம் சுவாமி விபுலானந்தர் என்று அறிந்தவர் அவர்தான். லண்டனில் போய் இருந்து படிக்காமலே லண்டன் பட்டம். அந்தப் பல்கலைக்கழகம் 1858இலேயே, எங்கிருந்து படித்தவரும் தன் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தது.

அந்த வியாபாரத்தில் லண்டன் எதை அனுப்பியது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாத்தியாரை அனுப்பவில்லை. இங்கே கட்டடம் எழுப்பவில்லை. பாடத்திட்டம், வினாத்தாள், கடைசியில் ஒரு சான்றிதழ். படிப்பிப்பதும் படிப்பதும் விளக்கெரிய விழித்திருப்பதும் இந்தப் பக்கத்து ஆட்களின் உழைப்பு. தேர்வுக் கட்டணம் அந்தப் பக்கம் போனது. இன்றைக்கும் லண்டன் ஓ.எல்., ஏ.எல். என்று இங்கே பிள்ளைகள் எழுதும் தேர்வுகளில் இதே கதைதான் நடக்கிறது. கற்பிக்கும் சேவை வேறு, கல்வியின் நுட்பம் வேறு என்று சொல்வது இதைத்தான். எதைப் படிப்பிப்பது, எந்த வரிசையில், படித்துவிட்டான் என்று எப்படி அறிவது, அதை எந்தத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஊர் நம்பும் – இவை நுட்பம். ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது சேவை. சேவையை ஒருமுறை விற்றால் அந்த மணித்தியாலம் போய்விட்டது. நுட்பத்தை நூறு ஊரில் விற்றாலும் அது பெட்டிக்குள் அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம் ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பின்னால் திரும்ப வருவேன்.

இரண்டாவது வழியில் மாணவர் வருகிறார். இதில் உலகம் கண்ட பெரிய வியாபாரிகளில் ஒன்று அவுஸ்திரேலியா. கதையின் தொடக்கம் நம் நாட்டில் என்பது பலருக்குத் தெரியாது. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். அதன் புலமைப்பரிசிலில் ஆசியப் பிள்ளைகள் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். அப்போது அது உதவி. 1980களின் நடுவில் அந்த நாடு கொள்கையை மாற்றியது: முழுக் கட்டணம் கட்டுகிற வெளிநாட்டு மாணவர்களைப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளலாம். உதவி விற்பனையாக மாறியது. 2019இல் வெளிநாட்டு மாணவர்களால் அந்த நாட்டுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 40 பில்லியன் அவுஸ்திரேலிய டொலர். இரும்புத் தாதுக்கும் நிலக்கரிக்கும் பக்கத்தில் வைத்துப் பேசுகிற தொகை.

இத்தனை பெரிய தொகை கல்லூரிக் கட்டணத்தால் மட்டும் வருவதில்லை. மாணவர் கொடுக்கும் அறை வாடகை, பஸ் காசு, சோறு, முடி வெட்டுகிற கூலி எல்லாம் சேர்த்தி. படிக்கப் போனவர் நாலு வருஷம் அங்கே இருந்தாலும் கணக்கில் அவர் சொந்த நாட்டுக்காரர்தான். ஆகவே அவர் மெல்பேர்னில் வாங்குகிற ஒரு கோப்பைக் கோப்பியும் அவுஸ்திரேலியாவின் ஏற்றுமதி. மட்டக்களப்பு நகரத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டுகிறோம் என்று பெயர்ப்பலகை வைத்த கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பது நம் பக்கத்திலிருந்து பார்த்தால் இறக்குமதி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கடைக்காரருக்குக் கொடுக்கும் தரகு மட்டும் சின்ன ஏற்றுமதி என்று சொல்லலாம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குக் கட்டும் காசும் பெரும்பாலும் வெளியே போகிற காசுதான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, நண்டு விற்றுப் பருப்பு வாங்குகிறோம். எது போகிறது, எது வருகிறது என்று தெரிந்திருந்தால் நல்லது.

நம் பக்கம் மாணவர் வருவதே இல்லையா? வருகிறார்கள். மாலைதீவுப் பிள்ளைகள் கொழும்பில் வந்து படிப்பது நெடுநாள் வழக்கம். அம்பாறைப் பக்கம் பொத்துவிலுக்கு அப்பால் அறுகம்பேக்கு ஒருமுறை சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடையில் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மணலில் பலகையைப் போட்டுக் குப்புறப் படுத்திருப்பார்கள். தலைமாட்டில் நின்று ஊர்ப் பையன் ஒருவன், எப்போது எழும்ப வேண்டும், எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். பாடத்திட்டம் உண்டு, செய்முறை உண்டு, தவறினால் உப்புத்தண்ணீர் தண்டனையும் உண்டு. கட்டணம் வெளிநாட்டுக் காசிலிருந்து வருகிறது. புள்ளிவிவரத்தில் இது சுற்றுலாச் செலவோடு கரைந்துபோகும், கல்வி என்று யாரும் எழுத மாட்டார்கள். என்னைக் கேட்டால் கிழக்கு மாகாணத்தில் கண்ணுக்குத் தெரிகிற கல்வி ஏற்றுமதி அந்த மணலில்தான் நடக்கிறது.

பள்ளியே எல்லை தாண்டிப் போவது மூன்றாவது வழி. மெல்பேர்னின் மொனாஷ் பல்கலைக்கழகம் 1998இல் மலேசியாவில் கிளை வளாகம் திறந்தது. மாணவர் மலேசியாவிலேயே இருந்து அவுஸ்திரேலியப் பட்டம் வாங்கலாம். இப்படி வாங்கி வாங்கிப் பழகிய மலேசியா பிறகு தானே விற்கத் தொடங்கிவிட்டது. நம் பிள்ளைகள் இப்போது கோலாலம்பூருக்குப் படிக்கப் போகிறார்கள். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் பார்வைக்கு இந்த வழிபோலத்தான் இருக்கும். ஆனால் அவர் வந்தது வியாபாரத்துக்கு இல்லை. அதனால் அதை இந்தப் பெட்டிக்குள் திணிக்க முடியாது.

நான்காவது, ஆசிரியர் போவது. மறுபடியும் கரைதீவார்தான். கேம்பிரிட்ஜிடமும் லண்டனிடமும் தேர்வை வாங்கிய அதே ஆளை 1931இல் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. வாங்கிய ஊர் விற்கவும் முடியும் என்பதற்கு இதைவிடக் கிட்டிய சான்று எனக்குத் தெரியாது. இந்த வழியில் ஒரு நுணுக்கம் உண்டு. வடமோடிக் கூத்துப் பழக்க நம்மூர் அண்ணாவியார் ஒருவரை ரொறன்ரோவுக்கு இரண்டு மாதம் அழைத்தால் அவர் வாங்கும் சம்பாவனை ஏற்றுமதி வருமானம். அங்கேயே ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டால் அவர் அந்த நாட்டில் வசிப்பவராகிவிடுவார். பிறகு வீட்டுக்கு அனுப்புவது தீபாவளிக் காசு வகையில் சேரும். ஆள் போவதும் ஆளின் வித்தை போவதும் ஒன்றில்லை என்று கணக்கும் ஒத்துக்கொள்கிறது.

சரி, வாங்குகிற கை எங்கே இருக்கிறது? சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் உயர்கல்வி படிக்கும் மாணவர்கள் 2000ஆம் ஆண்டளவில் உலகம் முழுக்க 2 மில்லியன் பேர் இருந்தார்கள். இப்போது 6 மில்லியனுக்கு மேல். காரணத்தைத் தேடி வெளியே போகத் தேவையில்லை. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறும் நம் பிள்ளைகளில் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் இல்லை. இதே நெருக்கடி ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பல நாடுகளில் இருக்கிறது. கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பங்களும் அங்கே கூடிக்கொண்டு வருகின்றன. பிரித்தானியா 2019இல் ஒரு திட்டம் வெளியிட்டு, 2030க்குள் ஆண்டுக்கு 6 இலட்சம் வெளிநாட்டு மாணவர், 35 பில்லியன் பவுண் கல்வி ஏற்றுமதி என்று இலக்கே வைத்தது.

ஆனால் மாணவரை வரவழைத்து நடத்துகிற வியாபாரம் விசாவில் தொங்குகிற வியாபாரம். 2020 மார்ச்சில் அவுஸ்திரேலியா எல்லையை மூடியபோது வகுப்பறைகள் வெறிச்சோடின. 2024இல் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. அதே வருஷம் ஜூலையில் அவுஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டொலரிலிருந்து ஒரே பாய்ச்சலில் 1,600 டொலராக்கியது. வீட்டு வாடகை ஏறினால் அந்த நாட்டுக்காரர் முதலில் வெளிநாட்டு மாணவனைத்தான் முறைக்கிறார்கள். ஆரையம்பதி முன்னறைக்கு இந்தத் தலையிடி எதுவும் இல்லை. கரண்ட் இருந்தால் போதும்.

அந்த முன்னறைக்கு வேறு தலையிடி இருந்தது. மச்சாள் இதைத் தொடங்கியபோது நேரடியாக வீடுகளுக்குப் படிப்பிக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து இயங்கிய ஒரு ஒன்லைன் வகுப்பு நிறுவனம் பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுத்தது. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று இவருக்குக் கூலி. பெற்றோர் என்ன கட்டுகிறார்கள் என்று ஒன்றரை வருஷம் அவருக்குத் தெரியாது. ஒரு தாய் வாய் தவறிச் சொன்னபோதுதான், தன் கைக்கு வருவது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. அதைக்கூட அவர் பெரிதாக எடுக்கவில்லை, “அவங்களும் பிள்ளை பிடிக்கக் கஷ்டப்படுறாங்கதானே” என்றார். கோபம் வந்தது கொப்பி விஷயத்தில். ழ, ள, ல மூன்றையும் சுவிஸ் பிள்ளைக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று இரவிரவாக யோசித்து 60 பயிற்சித்தாள் செய்திருந்தார். ஜேர்மன் மொழியில் வளர்கிற பிள்ளைக்கு எந்த ஒலி முதலில் வாயில் படியும், எது கடைசியில் என்று கண்டுபிடித்து வரிசைப்படுத்திய தாள்கள். விலகி வந்த பிறகு பார்த்தால் அவை நிறுவனத்தின் சின்னத்தோடு வேறு ஆசிரியர்களின் வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதியிருந்ததாம், இவர் வாசிக்கவில்லை.

நான் முன்னே சொன்ன வித்தியாசம் இதுதான். மச்சாள் தான் விற்றது மணித்தியாலம் என்று நினைத்தார். அந்த நிறுவனம் வாங்கியது அறுபது தாளை. மயில்வாகனத்துக்கு லண்டன் விற்றதும் தாள்தான்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விற்கக்கூடிய மணித்தியாலங்கள் ஏராளம். தமிழ், கணிதம், வாய்ப்பாட்டு, பரதம் என்று புலம்பெயர்ந்த வீடுகளுக்கு ஒன்லைனில் படிப்பிக்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். தாள் செய்யக்கூடிய இடங்களும் இல்லாமல் இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. தமிழ் தெரியாத மொழிச் சூழலில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் ஒலிகளைப் பழக்கும் படிநிலைப் பாடத்திட்டம், பறைக்கும் கூத்துத் தாளக்கட்டுக்கும் தரம் பிரித்த தேர்வு, புலம்பெயர் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கு விடுமுறைக்காலப் பயிற்சி – இவை எல்லாம் நுட்ப வகை. கூத்தைத் தேர்வாக்கினால் கூத்துச் செத்துவிடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அந்தச் சண்டையும் நடக்க வேண்டியதுதான்.

சரக்கில் ஊர் வாசம் ஒட்டிக்கொண்டு போகும் என்பதையும் சொல்ல வேண்டும். சூரிச் பிள்ளை ஒன்று வீட்டில் “மறுகா என்ன?” என்று கேட்கத் தொடங்கிவிட்டது. நம்மூரில் ‘பிறகு’ என்பதற்கு வாய் நிறைய வரும் சொல். தகப்பன் யாழ்ப்பாணம், “இது என்ன தமிழ் ரீச்சர்?” என்று கேட்டு எழுதியிருந்தார். தாய் களுவாஞ்சிக்குடி. அவர் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார், “அதை மட்டும் மாத்திப்போடாதீங்க” என்று. எழுத்துத் தமிழ் ஒரு நாள், பேச்சுத் தமிழ் ஒரு நாள் என்று மச்சாள் இப்போது பிரித்துவிட்டார்.

இதில் இறங்க நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. கட்டணத்தை ரூபாவில் சொல்லாதீர்கள். வாங்குகிறவரின் நாணயத்தில் சொல்லுங்கள். பணம் வங்கி வழியாகவே வரட்டும். ஊருக்கு வருகிற யாரோ ஒருவரின் கையில் கொடுத்துவிட்டால் அது ஏற்றுமதி என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. வெளிநாட்டவருக்குச் சேவை விற்று அந்நியச் செலாவணியாக வங்கியில் பெறும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் வருமான வரி உண்டு, கூடிய பட்சம் 15 வீதம். தனிநபர் விலக்குத் தொகைக்கு உள்ளே இருப்பவர்களைத் தொடாது, ஆனாலும் வங்கித் தாள்களைக் கோப்பில் போட்டு வையுங்கள். பயிற்சித்தாள் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் திகதியும் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் பெற்றோர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மச்சாளின் அனுபவத்தில் இதைக் கேட்டதற்காக யாரும் விலகிப் போகவில்லை, இரண்டு வீடு கூடச் சேர்ந்தது.

அப்புறம் மணிக்கூடு. இங்கே நேரம் மாறுவதில்லை, அங்கே வருஷத்தில் இரண்டு தரம் மாறும். கனடாவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு முள்ளை முன்னால் தள்ளுவார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. ரொறன்ரோவில் காலை ஒன்பது என்பது மாசியில் நமக்கு இரவு ஏழரை, சித்திரையில் ஆறரை. போன பங்குனியில் மச்சாள் இதை மறந்து, ஏழரைக்கே சூமைத் திறந்தார். ரொறன்ரோ அண்ணனின் மகள் ஒரு மணித்தியாலம் தனியே காத்திருந்து, திரையில் ஆள் தெரிந்ததும் முதல் வேலையாக, “மாமி, மறுகா வாறன் எண்டு சொல்லிப்போட்டு எங்க போனீங்க?” என்று கேட்டாள். அந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லாததால் மச்சாளால் திட்டவும் முடியவில்லை. இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: கனடாவுக்குச் சிவப்பு மை, சுவிசுக்கு நீலம், இரண்டும் ஒத்துவராத அந்த இரண்டு மூன்று கிழமைக்கு மட்டும் பச்சை.